அகரன் பாஸ் ஆன கதை

கடந்த வாரம் சுதா தொலைபேசியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணை, நாளைக்கு யூகண்ட்அம்டிலயிருந்து வருகினம். வீட்டைக் கூட்டுறதோ, இப்பிடியே விடுறதோ?"

யூகண்ட்அம்ட் என்பது பிள்ளைகளின் நலனைப் பார்க்கும் நகர அலுவலகம். ஜேர்மனியில் நம்மவர் வீடுகளில் அந்தப் பெயரை உரத்துச் சொல்வதில்லை. வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அங்கிருந்து ஒருவர் வருகிறார் என்றால் கதவுக் கைபிடியைக்கூடத் துடைத்து வைப்பவர்கள் நாங்கள். அப்படியிருக்க, கூட்டுவதா விடுவதா என்று ஒரு தாய் ஏன் கேட்கிறார்?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னவர் சுதாவேதான்.)

சுதாவும் ரவியும் டுசல்டோர்ஃபில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறார்கள். ரவிக்கு விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலை. சுதா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். ஒரே மகன் அகரன். ஆறு வயது. வரும் ஆகஸ்டில் பள்ளிக்கூடம்.

அகரன் போத்தல் மூடிகளை நிறம் நிறமாகப் பிரித்து வரிசை கட்டுவான். அந்த வரிசை வரவேற்பறையில் தொடங்கி சமையலறை வரை போகும். பேசுவான்... ஆனால் நாம் கேட்டதற்கு அல்ல. திடீரென்று பெரிய சத்தம் வந்தால் ஓடுவான். எங்கே? கால் போகும் பக்கம்.

பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போன அன்று இடைவேளை மணி அடித்தது. அகரன் வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடிவிட்டான். ட்ராம் ஓட்டுநர் பிரேக் போட்டார். சுதா இன்றைக்கும் அந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவார்.

தலைமை ஆசிரியை மரியாதையாகத்தான் சொன்னார். நாள் முழுவதும் அகரனோடு கூடவே இருக்க ஓர் உதவியாளர் வேண்டும். இருந்தால் இங்கே படிக்கலாம். இல்லையென்றால் பொறுப்பெடுக்க முடியாது, நகரத்தின் மறு பக்கத்தில் வேறு பள்ளிக்கூடம் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த உதவியாளரைத் தர வேண்டியது யார்? யூகண்ட்அம்ட்! நம்மவர் எந்த அலுவலகத்துக்கு ஒளிகிறார்களோ, அதன் கதவைத்தான் தட்ட வேண்டும். அவர்கள் முதலில் கேட்பது மருத்துவரின் தெளிவான முடிவு. ஆட்டிசமா, இல்லையா?

மாதக்கணக்கில் காத்திருந்து மருத்துவமனையில் முதல் ரெர்மின், அதாவது டொக்டரைப் பார்க்கும் நேரம், கிடைத்தது. டொக்டர் என்னென்ன கேட்பார் என்று ரவி வேலையிடத்தில் யாரிடமோ விசாரித்து வந்தார். பெயர் என்ன, வயது என்ன, நண்பன் யார், பிடித்த விளையாட்டு எது. வார இறுதி முழுவதும் பயிற்சி. கை கொடுக்க, கண்ணைப் பார்க்க, 'குட்டன் டாக்' என்று வணக்கம் சொல்ல...

அகரன் எல்லாம் செய்தான். 'சந்தேகம் உண்டு, உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று முடிவு வந்தது. ரவி ஒரு தட்டில் கேக்கோடு எங்கள் வீட்டு மணியை அடித்தார்.

"அண்ணை, பெடியன் பாஸ்!"

கேக் நன்றாகத்தான் இருந்தது. அந்த முடிவை அனுப்பியதும், அடுத்த வாரம் யூகண்ட்அம்டிலிருந்து பதில் வந்தது. உறுதியான முடிவு இல்லாமல் உதவியாளர் இல்லை. அகரன் பாஸ் ஆகிவிட்டான் — பள்ளிக்கூடம்தான் கைவிட்டுப் போகப் பார்த்தது.

ரவியைக் குறை சொல்ல முடியுமா? மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்தால், இந்தப் பக்கத்தில் நமக்கு அது பரீட்சை. பரீட்சை என்றால் பிள்ளையைத் தயார் செய்ய வேண்டும். இதை நாம் யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்கிறது.

இரண்டாவது ரெர்மினுக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு வரும்படி மருத்துவமனையில் சொன்னார்கள். ரவிக்கும் சுதாவுக்கும் டொச், அதாவது ஜேர்மன் மொழி, தெரியும். வேலைக்கும் கடைக்கும் போதுமான டொச். பிள்ளையைப் பற்றிச் சொல்ல அது போதாது. நான் போனேன்.

பத்திரிகை வேலை எனக்கு ஒரு பழக்கத்தைத் தந்திருக்கிறது. ஒருவர் சொன்னதைச் சொன்னபடி சொல்வேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். லிஃப்டில் வைத்தே இருவரிடமும் சொன்னேன். "அறைக்குள்ள நீங்கள் கதைக்கிறது எல்லாத்தையும் நான் டொச்சில சொல்லுவன். உங்களுக்குள்ள குசுகுசுக்கிறதையும்தான்."

"ஓம் ஓம்" என்றார்கள். லிஃப்டில் எல்லோரும் ஓம் சொல்வார்கள்.

அறை வாசலில் ரவி குனிந்து, அகரனின் தலையில் இருந்த மஞ்சள் நிறக் காதுக் கவசத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். "டொக்டருக்கு முன்னால வேண்டாம் ராசா."

டொக்டர் நடுத்தர வயதுப் பெண். அவசரமில்லாத குரல். அகரன் மூலையில் இருந்த பொம்மை ரயிலிடம் போய்விட்டான். அதன் சில்லை மட்டும் சுற்றினான்.

"வீட்டில் எப்படி?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் சுதா. "நல்ல பிள்ளை. சொல்வழி கேப்பான்."

எனக்குத் தெரியும். மேல்மாடியில் இருந்து வரும் அலறல் எனக்குக் கேட்காதா? பல் தீட்டும் நேரம் இது, உடுப்பு மாற்றும் நேரம் இது என்று கீழே இருந்தே சொல்லிவிடுவேன். ஆனால் நான் அங்கே சாட்சியாகப் போகவில்லை. ஒரு பிரச்சினையும் இல்லை, நல்ல பிள்ளை, சொன்னால் கேட்பான்... டொச்சில் சொன்னேன். டொக்டர் எழுதினார். அந்தப் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதாக இல்லை.

அடுத்து டொக்டர் தரையில், அகரன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு எந்த விளையாட்டுப் பிடிக்கும்?"

"அகரன்" என்றான் அகரன்.

"உன் நண்பன் யார்?"

"ஆறு."

"உனக்கு எத்தனை வயது?"

"லூக்காஸ்."

விடைகளில் பிழையே இல்லை. டொக்டர்தான் வரிசை மாறிக் கேட்டுவிட்டார். சுதாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. தமிழ்ப் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிகளில் முன்வரிசைத் தாய்மாரைப் பார்த்திருப்பீர்களே... மேடையில் பிள்ளை, கீழே அம்மாவின் உதடு. அதே அசைவு. டொக்டர் பார்த்துக்கொண்டிருந்தது அகரனை அல்ல, அந்த உதடுகளை.

"லூக்காஸ் யார்?" என்று சுதாவிடம் கேட்டார்.

சுதா தன் கைகளைப் பார்த்தார்.

"அப்பிடி ஒரு பிள்ளை இல்லை, அண்ணை. இவனோட ஆரும் விளையாடுறேல்லை. நண்பன் ஆரெண்டு கேட்டா ஒரு பேர் வேணுமெல்லோ... இவர்தான் வச்சவர்."

"சுதா, சும்மா இரும்!" என்றார் ரவி. என் பக்கம் திரும்பி, "அண்ணை, இதைச் சொல்லாதேங்கோ."

சொன்னேன். லூக்காஸ் இல்லை என்பதையும், சும்மா இரும் என்பதையும், இதைச் சொல்ல வேண்டாம் என்பதையும். ரவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே மொழிபெயர்க்கப் போவதில்லை.

சுதா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவனுக்கு எல்லாம் விளங்கும். மெல்லச் சொல்லுங்கோ." நானும் மெல்லச் சொன்னேன். டொக்டர் நாற்காலியை அருகில் இழுத்தார். அந்த அறையில் மூன்று பெரியவர்கள் களவாகப் பேசுவது போலப் பேசினோம்.

"பல் தீட்ட ரெண்டு பேர் வேணும். ஒராள் பிடிக்க, ஒராள் தீட்ட. சட்டையில லேபல் இருந்தா உரிஞ்சி எறிஞ்சுபோடுவான். கலியாணவீடு, சாமத்தியவீடு ஒண்டுக்கும் நாங்கள் போறேல்லை. போனா ஆக்கள் என்ன பிள்ளை வளர்ப்பெண்டு கேப்பினம்..."

"ஒண்டைப் பத்தாக்காதையும்" என்று ரவி குறுக்கிட்டார். "இவா எழுதிக் குடுத்தா, நாளைக்கு யூகண்ட்அம்ட் வந்து நிக்கும். பிள்ளையைக் கொண்டு போனா நீர் என்ன செய்வீர்?"

"பள்ளிக்கூடத்தில ஓடிப்போய் ட்ராமுக்குள்ள விழுந்தா நீங்கள் என்ன செய்வியள்?"

இரண்டையும் டொச்சில் சொன்னேன். டொக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். எழுத ஒன்றுமில்லை என்பது போல. இருவரில் யாரை நம்புவது? தாய் மிகைப்படுத்துகிறாரா, தகப்பன் மறைக்கிறாரா? இன்னும் ஒரு 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' வந்தால் ஆகஸ்டுக்குள் வேறு ரெர்மின் கிடைக்கப் போவதில்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அப்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவசர நோயாளியோடு ஹெலிகொப்டர் ஒன்று பக்கத்துக் கட்டடத்தின் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

அகரன் அலறவில்லை. அலறுவதற்கு வாய் திறந்ததை மட்டும் பார்த்தேன். அதற்குள் ரவி அவனிடம் இருந்தார். நாற்காலியிலிருந்து எப்போது எழுந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு கை கதவுப்பக்கம் மறித்தது. மறு கை பையைப் பார்க்காமலே திறந்து, கவசத்தை எடுத்து, பையனின் காதில் பொருத்தியது. பிறகு முழந்தாளில் நின்று, மகனின் முதுகைத் தன் நெஞ்சோடு இறுக்கி, ஹெலிகொப்டர் அடங்கும்வரை அசையாமல் இருந்தார். டை கட்டி வந்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அகரன் மறுபடி சில்லைச் சுற்றத் தொடங்கினான்.

"இதை அடிக்கடி செய்கிறீர்களா?" என்று டொக்டர் கேட்டார்.

ரவி எழும்பவில்லை. "ஒவ்வொரு நாளும். சொல்லுங்கோ, அண்ணை."

சொன்னேன்.

"இது வேலையில நாங்கள் போடுறது, பிளேன் சத்தத்துக்கு. இவனுக்கு ரெண்டு வயசிலயே சின்னன் ஒண்டு வாங்கினனான்."

"இரண்டு வயதில்... அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது."

"தெரியும். அதுக்கொரு பேர் வேண்டாமெண்டு இருந்தனான்."

டொக்டர் மீண்டும் பேனாவை எடுத்தார். இந்த முறை நீண்ட நேரம் எழுதினார். அவர் கேட்கக் கேட்க இருவருமே பதில் சொன்னார்கள். அகரனைத் தனியாகவும் சோதித்தார்கள். சில வாரங்களில் முடிவு வந்தது. ஆட்டிசம். சந்தேகம் என்ற சொல் எங்கும் இல்லை. ரவி மறுபடி எங்கள் மணியை அடித்தார். கேக் இல்லை.

"இந்த முறை ஃபெயில், அண்ணை" என்றார். சிரிக்கப் பார்த்தார். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். இருந்து குடித்துவிட்டுப் போனார்.

அந்த முடிவைக் கொண்டுதான் யூகண்ட்அம்டுக்கு மறுபடி விண்ணப்பித்தார்கள். வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்றார்கள். அதற்குத்தான் அந்தக் கேள்வி... கூட்டுவதா, விடுவதா?

"வழக்கமா எப்பிடி இருக்குமோ அப்பிடி இருக்கட்டும்" என்றேன்.

"வழக்கமாயோ?" என்றார் சுதா, கலவரமாக. "கடவுளே!"

மறுநாள் நானும் போயிருந்தேன். வந்தவர் ஓர் இளம் பெண். கதவு திறந்ததும் அவர் பார்த்தது போத்தல் மூடி வரிசையை. அதை அள்ளி ஒதுக்காமலிருக்க ரவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தப் பெண் சப்பாத்தைக் கழற்றி, வரிசை கலையாமல் ஓரமாக நடந்து வந்தார். அகரனிடம் பெயர் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. நான் சுதாவைப் பார்த்தேன். உதட்டைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். அசையவில்லை.

பிள்ளையை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. காலையில் என்ன நடக்கும், தெருவில் என்ன நடக்கும் என்று கேட்டார். பதில்களை நான் டொச்சில் சொன்னேன். இம்முறை யாரும் எதையும் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் சப்பாத்தைப் போட்டபடி அந்தப் பெண் சொன்னார்: பள்ளி தொடங்கும் முதல் நாளிலிருந்தே உதவியாளர் வேண்டும் என்று எழுதப் போகிறேன். கையெழுத்துப் போட வேண்டியவர் அவருடைய மேலதிகாரி. அது இன்னும் வரவில்லை.

வீட்டைக் கூட்டினாரா என்று கேட்கிறீர்களா? கூட்டவில்லை. ஆனால் ஒரு தாச்சி நிறைய ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். உண்மையைச் சொல்வது சரி... வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா?