மாப்பிள்ளையின் வலது கன்னம்

எங்கள் ஓட்டலில் சர்வருக்குச் சம்பளம் என்று ஒன்று உண்டு. பஸ்ஸுக்கும் சோப்புக்கும் போனால் தீர்ந்தது. சாப்பிட்டு எழுகிறவர்கள் பில் தட்டில் விட்டுப் போவதுதான் எங்களுக்குச் சோறு. அதனால் இந்தத் தொழிலுக்கு முகம்தான் முதல். அதில் எங்களில் பணக்காரன் மாப்பிள்ளை. அது நாங்கள் வைத்த பெயர். தினமும் தலையைப் படிய வாரிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி நிற்பான். அவன் சிரித்தால் சிடுமூஞ்சிகூட இன்னொரு காபி கேட்பான். எனக்கு அதில் பொறாமை உண்டு, மறைப்பானேன்.

ஒரு நாள் காலை அவன் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் நிற்காமல் வழிந்திருக்கிறது. முகத்தின் வலது பாதி அசையவில்லை. கண் மூடவில்லை, வாய் இடப்பக்கம் கோணிக்கொண்டது. நரம்பு வீக்கம்தான், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு முகப்பயிற்சி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், அசட்டையாக விட்டால்தான் வம்பு என்றார் டாக்டர்.

மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிட்டான். முதலாளி முகத்தைச் சுளித்தார். ஆள் பற்றாக்குறை என்பதால் விட்டார். அன்று மதியம் ஒரு அம்மாள் சூப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, என்னப்பா ஆச்சு, பிள்ளைகுட்டி உண்டா என்றெல்லாம் விசாரித்தாள். போகும்போது பில்லைவிடப் பெரிய நோட்டு ஒன்றைத் தட்டில் வைத்தாள். அடுத்த மேஜையிலும் அதே கதை. அந்த வாரம் எங்கள் மூன்று பேர் வரும்படியை அவன் ஒருவனே வாரினான்.

வயிற்றெரிச்சலில் நான்தான் சொன்னேன். "மாப்ளே, இந்த வாய் நேராகவே வேண்டாம்டா. உனக்கு அடிச்சது யோகம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் பாதி முகத்தால் சிரித்தான். ஆனால் அவன் அதை மனதில் போட்டுக்கொண்டான்.

அவன் குடியிருந்தது ஒரே அறையில். ஜன்னல் கிடையாது. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம். அவன் மனைவிக்கு மூச்சிரைப்பு. அவன் எனக்கு மாப்பிள்ளை என்றால் அவள் தங்கச்சிதானே, அப்படித்தான் கூப்பிடுவேன். புகை சூழ்ந்தால் வாசற்படியில் உட்கார்ந்து காற்றுக்குத் திண்டாடுவாள். தனிச் சமையலறை உள்ள வீட்டுக்கு அவளைக் கொண்டுபோய்விட வேண்டும் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், அந்த மாதக் கடைசியில் போயே விட்டான். வாடகை இரண்டு மடங்கு.

மாத்திரையை அவன் நிறுத்தியது எனக்குத் தெரியும். கன்னம் கொஞ்சம் துடிக்க ஆரம்பித்தபோது, எங்கே சரியாகிவிடுமோ என்று பயந்துபோய்ப் பயிற்சியையும் விட்டான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பாவம் என்னை விடாது. தங்கச்சிக்கு எதுவும் தெரியாது. தினமும் காலையில் வெந்நீரில் துணியைப் பிழிந்து அவன் கன்னத்தில் ஒற்றி, கை வலிக்க நீவிவிடுவாள்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், இரக்கம் புளிக்காதா? வாடிக்கைக்காரர்கள் இரண்டாம் மாதம் நலம் விசாரித்தார்கள். மூன்றாம் மாதம் பில்லை மட்டும் கட்டினார்கள். நாலாம் மாதம் புதிதாக வந்த ஒருவர், இவன் என்னைப் பார்த்து நக்கலாக இளிக்கிறான் என்று முதலாளியிடம் சண்டைக்குப் போனார். மறுநாள் முதல் மாப்பிள்ளைக்குப் பின்கட்டில் பாத்திரம் கழுவும் வேலை. அங்கே எச்சில் தட்டு வரும், காசுத் தட்டு வராது.

அப்புறம்தான் டாக்டரிடம் ஓடினான். நானும் தங்கச்சியும் கூடப் போனோம். மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார்.

"நானே எடுத்துக் குடுத்தேன் டாக்டர், ஒரு வேளை தவறல" என்றாள் தங்கச்சி.

"துப்பிட்டேன்" என்றான் அவன்.

ஏன் என்பதையும் சொன்னான். டாக்டர் அவன் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு, இனிப் பழைய முகத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான்தான் விளையாட்டாகச் சொல்லிவைத்தேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"தினம் காலையில தேய்ச்சுவிட்டேனே," என்றாள் அவனிடம். "அப்ப எங்கிட்டயும் பரிதாபத்தை வாங்கிக்கிட்டுதான் உக்காந்திருந்தீங்களா?"

உனக்காகத்தான் என்றான் அவன். உதடு கூடாமல் அந்தச் சொல் பாதிதான் வந்தது. அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அழுகிறானா இளிக்கிறானா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அடுத்த மாதம் பழைய அறைக்கே திரும்பினார்கள். சாமான் தூக்க நான் போயிருந்தேன். அடுப்பைப் பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் தங்கச்சி இரைக்க ஆரம்பித்தாள். அவன் ஓடிப்போய் முதுகை நீவிவிடக் கை வைத்தான். மூச்சு கிடைக்காத அந்த நிலையிலும் அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.