சாமி மேடையில் ஒரு நாவல்

உஷாராணிக்கு நாவல் என்றால் உயிர். ஆனால் எந்த நாவலையும் சும்மா விடமாட்டாள். உலு யாமிலிருந்து ராவாங்குக்குப் போகும் பேக்டரி பஸ்ஸில் போகும்போது படிப்பாள், வரும்போது படித்ததைத் திட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்தவர் தலையெழுத்து, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இந்தியாவிலிருந்து வரும் இந்தக் காலத்து நாவல்கள்மேல் அவளுக்குத் தீராத மனக்குறை. "புக்கு முழுக்க அந்தம்மா மழையைப் பார்த்துக்கிட்டே யோசிக்குதுலா. சோறு யாரு ஆக்குனா, வாடகை யாரு கட்டுனா, ஒரு வரி இல்ல" என்பாள். அப்படிச் சொன்னவள்தான், அந்தப் பெண் கடைசியில் கைப்பையோடு ரயிலேறும் பக்கத்தில் மூழ்கி, பேக்டரி வாசலில் இறங்க மறந்து டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

புராண நாவல்கள் வேறு தொல்லை. ராஜாக்கள் மூச்சுவிடாமல் வசனம் பேசுவார்கள், பெண்கள் அழகாக அழுவார்கள். அதனால் ராவாங் வாசகர் வட்டத்துச் செயலாளர் சிவநேசன் தடியான புராண நாவல் ஒன்றைக் கையில் திணித்து, "ஞாயித்துக்கிழமை நீங்கதாங்க இதப்பத்திப் பேசணும்" என்றபோது அவள் தயங்கினாள். மேடையேறிப் பழக்கமில்லை. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த தமிழ். அதற்குப் பிறகு அதை விட்டுவிடாமல் பிடித்துவைத்தது இந்த நாவல்கள்தான். ஆனாலும் ஒருமுறையாவது பேசிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை இருந்தது. சரியென்றாள்.

அந்த நாவல் அவளை ஏமாற்றவில்லை. சூதாட்டத்தில் புருஷன் பணயமாக வைத்துத் தோற்ற ராணி, தன் கதையைத் தானே சொல்கிறாள். அழவில்லை, கேள்வி கேட்கிறாள். அந்த வாரம் உஷா யாரையும் திட்டாமல் வந்ததைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று பஸ்ஸில் விசாரித்தார்கள்.

வியாழக்கிழமை புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையிலேயே மறந்துவிட்டுப் போனாள். அவள் புருஷன் கணேஸ்வரன் லோரி ஓட்டுகிறவன், கற்பூரம் காட்டாமல் சாவியைத் திருப்பமாட்டான். அட்டையில் சாமி படம், பக்கத்தில் பொரித்த மீன். பதறிப்போய்ப் புத்தகத்தைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி மேடையில் ஏற்றிவிட்டான்.

உஷா சாயங்காலம் வந்து பார்த்தாள். அன்று காலையில்தான் அவள் வீட்டுக்குத் தூரமாகியிருந்தாள். அந்த நாள்களில் அந்த வீட்டுப் பெண்கள் சாமி மேடைப் பக்கம் போவதில்லை. நாவலில் பாதி பாக்கி. சொல்லாமல் எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் திருட்டுத்தனமாகப் படிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லிவிட்டாள்.

"அப்ப மூணு நாளு பொறுத்துக்கயேன் உஷா. சாமி புக்குலா அது."

"அது நாவலுங்க. ஞாயித்துக்கிழமை நான் பேசணும்."

"சிவநேசன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வேற யாராச்சும் பேசட்டும்."

அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. நேரே மேடைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தாள். பக்தி இல்லாதவள் அல்ல, எடுத்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். படித்து நிறுத்தியிருந்த பக்கத்தைத் தேடிப்பிடித்து, நின்றபடியே சத்தமாக வாசித்தாள். அந்த ராணியும் மாதவிலக்கு நாளில் ஒற்றைத் துணியோடு ஒதுங்கியிருந்தவள்தான். அப்படியே தலைமுடியைப் பிடித்துச் சபைக்கு இழுத்துவந்தார்கள். பெரியவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கணேஸ்வரன் சின்ன வயதிலிருந்து தோட்டத்துக் கோயிலில் இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டவன். இதை மட்டும் அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

"அந்தம்மாவுமா?" என்றான்.

"அந்தம்மாவும்தான். கூப்பிட்டாங்க, சாமி வந்துச்சு. மூணு நாளு கழிச்சு வர்றேன்னு சொல்லல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, மிச்சத்தைப் படிக்க உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. உஷா மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். எதைச் சொல்லித் தொடங்குவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"இந்த நாவலை நான் வீட்டுக்குத் தூரமா இருந்த நாள்ல படிச்சு முடிச்சேன்."

சிவநேசன் தரையைப் பார்த்தார். முன்வரிசைப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உஷாவின் குரல் இறங்கத் தொடங்கியது.

கடைசி வரிசையிலிருந்து கணேஸ்வரன் எழுந்து நின்றான்.

"கொஞ்சம் சத்தமா பேசு உஷா. பின்னாடி கேக்கல."