புதுக்கோட்டைக்கு ஒரு கைடு

அறந்தாங்கிக்காரர்கள் யாரும் புதுக்கோட்டையைச் சுற்றிப் பார்க்கக் கைடு வைத்துக்கொள்வதில்லை. சான்றிதழுக்குப் போவோம், கண் டாக்டரிடம் போவோம், கல்யாணப் புடவை எடுக்கப் போவோம். நானோ கல்லூரி படித்த காலம் முழுவதும் தினமும் அந்த ஊருக்குப் பஸ்ஸில் போய் வந்தவள். அதனால், கிரைண்டரைக் கழுவிக்கொண்டே அம்மா அந்தச் செய்தியைச் சொன்னபோது லேப்டாப்பை மூடிவிட்டேன்.

"ஞாயித்துக்கெழம புதுக்கோட்டைக்குப் போறோம். தனிக் காரு. கைடு ஒருத்தரு கூடவே இருந்து எல்லாத்தையும் காட்டுவாரு."

"என்னத்தக் காட்டுவாரு?"

"அரண்மன, கோகர்ணம் கோயிலு, மியூசியம். ராஜா இருந்த ஊருல்ல."

"பஸ் ஸ்டாண்டையும் காட்டுவாராம்மா?"

"ஒன் வாய் இருக்கே" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடியும் கிரைண்டரைக் கழுவினாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று மற்றவர்கள் சொல்லும் இடத்தில், எது ஓடவில்லை என்று தேட எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டிலும் அந்தப் பழக்கம் நிற்பதில்லை. மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். அம்மா தனிக் கார் எடுக்கும் ஆள் இல்லை. பள்ளிச் சுற்றுலாவுக்கு நான் மியூசியம் போனபோது, செத்த மிருகத்தைப் பார்க்க டிக்கெட்டா என்று கேட்டவள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் துணி ஊறவைக்கும் நாள். நான்காவதாக, கைடைச் சொல்லிவிட்டவள் மீமிசலில் வாழ்க்கைப்பட்ட சித்தி.

நான்காவதில்தான் எனக்கு உறுத்தியது. அந்தச் சித்திதான் போன மாதம் ஒரு வரனைக் கொண்டு வந்திருந்தாள். பையன் புதுக்கோட்டை டவுன், சொந்த வீடு, அப்பாவோடு சேர்ந்து எலக்ட்ரிகல் கடை. இந்த மாதம் பிறந்ததும் என் அலுவலகத்திலிருந்து மெயில் வந்திருந்தது: வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், பெங்களூருக்கு வந்து சேர வேண்டும், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். போகாவிட்டால் வேலை இல்லை. கத்தாரிலிருந்து அப்பா, "ஒங்கம்மா என்ன சொல்றாளோ அதாம்மா" என்று முடித்துக்கொண்டார். அம்மா சொன்னது ஒரே வார்த்தை, "பாக்கலாம்." மாதம் பாதி ஓடியும் அந்தப் பாக்கலாம் அசையவில்லை.

எங்கள் பக்கம் இப்போதெல்லாம் பெண்ணை வீட்டில் உட்கார வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் வெளியே எங்காவது பார்த்துவிடுகிறார்கள். கோயிலில், துணிக்கடையில், யாருடைய வளைகாப்பிலாவது. எதேச்சையாக எதிரே வந்ததுபோல் வருவார்கள். பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. புதுக்கோட்டையில் ஏதோ ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து அந்தக் குடும்பம் எதேச்சையாக வரப்போகிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஞாயிறு காலை, இஸ்திரி போட்ட சில்க் காட்டன் புடவை என் கட்டிலில் கிடந்தது. நான் சாயம் போன சுடிதாரை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

காரோட்டியும் கைடும் ஒருவரே. நாற்பதுகளில் இருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, அந்தக் காலத்துல அறந்தாங்கி தஞ்சாவூர் ஜில்லா, வெள்ளக்காரன் கையில. புதுக்கோட்ட தனிச் சமஸ்தானம். தனி ராஜா, தனிக் காசு, அம்மன் காசு. அப்பப் பாத்தா நீங்க அடுத்த நாட்டுத் தலைநகருக்கு வாரீங்க. பாஸ்போட் எடுத்துக்கிட்டீங்களா?"

"அது எங்க வீட்டுக்காரர்ட்டல்ல இருக்கு" என்றாள் அம்மா. இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

"பாப்பா எந்தக் கம்பெனி?"

சொன்னேன்.

"ராத்திரியும் வேல இருக்குமா?"

"சில நாள்."

"ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாம் ஒண்ணாத்தான் ஒக்காந்திருப்பீங்களா?"

"கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்திருப்போம்."

"கோவிச்சுக்கிறாதீங்க பாப்பா, சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றார். ராஜாவின் ஊரைக் காட்ட வந்தவருக்கு இது எதற்குத் தெரிய வேண்டும் என்பதையும் என் வரிசையில் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது கலெக்டர் ஆபீஸாக இருக்கும் அரண்மனையை வெளியில் நின்று பார்த்தோம். கல்லூரிக் காலத்தில் ஒரு மனுவோடு அதன் வராந்தாவில் பாதி நாள் உட்கார்ந்திருக்கிறேன், அது அரண்மனை என்று அன்று உறைக்கவில்லை. முன்னால் எங்களை நிறுத்தி அவர் போட்டோ எடுத்தார். என் போனை நீட்டினேன். "இதுல கிளியரா விழும் பாப்பா, அப்புறம் அனுப்புறேன்" என்று தன் போனிலேயே எடுத்துக்கொண்டார். அதிலும் அம்மா பாதிதான் விழுந்திருப்பாள். அவர் போன் என் பக்கமே சாய்ந்திருந்தது.

பிறகு தெருக்கள். கோடு போட்டு வெட்டியது போன்ற வீதிகள், ஒவ்வொன்றுக்கும் திசையும் எண்ணும். ராஜா காலத்துத் திட்டம் என்று விளக்கிக்கொண்டே ஒரு வீதியில் நுழைந்து, வளைந்து, மறுபடி அதே வீதிக்கு வந்தார். இரண்டாவது தடவை கார் நடக்கிற வேகத்தில்தான் போனது. அம்மா வலது பக்கம் பார்த்தாள். பச்சை கேட், மாடியில் கம்பி அடைப்பு, வாசலில் இரண்டு ஸ்கூட்டர்.

"இந்தத் தெருவுல என்னம்மா விசேஷம்?"

"தெருவு நல்லா அகலமா இருக்குல்ல" என்றாள்.

திருக்கோகர்ணம் கோயிலில் நான் இளைஞர்களை எண்ணத் தொடங்கினேன். குடைவரைச் சன்னிதிக்கு முன்னால் நீண்டு போகும் மண்டபத்தில் தூணுக்குத் தூண் ஆள் மறையலாம். கண்ணாடி போட்ட ஒருவர் இரண்டு முறை எங்கள் பக்கம் பார்த்தார். மூன்றாவது முறை நேராக என்னை நோக்கியே வந்தார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் தயாராக வைத்திருந்தேன்: மன்னிக்கணும், எனக்கு இதில் விருப்பமில்லை.

"சிஸ்டர், அர்ச்சனச் சீட்டு எங்க தர்றாங்க?"

கை காட்டினேன். அவர் பின்னால் மனைவியும் இரண்டு குழந்தைகளும் போனார்கள்.

அப்போதுதான் அம்மா பக்கத்தில் இல்லை என்று கவனித்தேன். அவள் அடுத்த தூணுக்கு அந்தப் பக்கம் கைடோடு நின்றிருந்தாள். அவர் ஏதோ சிற்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தார், அம்மா சிற்பத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி, மறைக்காமச் சொல்லணும். அந்த வீட்டு மூத்த மருமக பேங்க்ல இருந்துச்சாமே. ஏன் வேலைய விட்டுச்சு?"

"அது தன் இஷ்டத்துக்கு விட்டதுக்கா. வீட்ல யாரும் ஒண்ணுஞ் சொல்லல. தங்கமான சனம்."

"பையனுக்கு வேற பழக்கம் ஏதும்?"

"காப்பி கூடக் குடிக்க மாட்டான்க்கா."

எனக்குச் சங்கதி தலைகீழாகத் திரும்பியது. இது பெண் பார்ப்பது இல்லை, விசாரிப்பு. எங்கள் ஊர்களில் ஜாதகம் பார்க்கும் முன்னாலேயே விசாரிப்பு நடந்துவிடும். இஸ்திரி போடுபவர், பால்காரர், தெருமுனைக் கடைக்காரர் என்று அந்த வீட்டைத் தெரிந்த யாரிடமாவது போய், வேறு எதற்கோ வந்ததுபோல் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொள்வார்கள். அம்மா அதற்குக் காரையே எடுத்திருக்கிறாள். என்னை விற்க வந்தாள் என்று நினைத்திருந்தேன், அவளும் என்னைப்போலச் சோதிக்கத்தான் வந்திருக்கிறாள். கொஞ்சம் மனம் இளகியது. ஆனாலும் கைடின் பதில்கள் பிடிக்கவில்லை. எந்தக் கேள்விக்கும் அவர் யோசிக்கவே இல்லை. தெருவில் எதிர்வீட்டைப் பற்றிக் கேட்டால்கூட மனிதர்கள் ஒரு கணம் யோசிப்பார்கள்.

பக்கத்திலேயே மியூசியம். பாடம் செய்த பறவைகளுக்கு முன்னால் அம்மாவை விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டில் எடுக்கக் காருக்கு வந்தேன். அவர் காரின் மறுபக்கம், எனக்கு முதுகைக் காட்டி, போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா மாமா, போட்டோ அனுப்பிருக்கேன் பாருங்க. மாநெறந்தான், லெட்சணமா இருக்கு. பேச்சா? அதிகம் பேசல, ஆனா எல்லாத்தையும் உத்து உத்துப் பாக்குது... அம்மாக்காரி உங்க மூத்த மருமகளப் பத்திக் கேட்டுச்சு. நான் சமாளிச்சுட்டேன்... பெங்களூரு பேச்சு இன்னும் எடுக்கல, சாயங்காலத்துக்குள்ள வாங்கிர்றேன்."

பாட்டிலை எடுக்காமலே திரும்பினேன். பறவைகளுக்கு முன்னால் அம்மா, "எம்புட்டுத் தூசி" என்றாள். அங்கேயே சொல்ல முடியவில்லை, எங்கள் பின்னாலேயே அவர் வந்துவிட்டார்.

சாப்பாட்டுக் கடையில், "நீங்க நிம்மதியாச் சாப்புடுங்க, நான் அங்கிட்டு ஒக்காந்துக்கிறேன்" என்று அவர் வேறு மேசைக்குப் போனார். இலை போடும்வரை பொறுத்திருந்தேன்.

"அம்மா, அவரு யாரு?"

"கைடு."

"அந்தப் பச்சை கேட்டு வீட்டுக்கு அவரு யாரு?"

அம்மா தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள். "சித்தி சொன்னா, அவரு அடுத்த வீதிக்காரரு, கேட்டா உள்ளது உள்ளபடி சொல்லுவாருன்னு."

கார் அருகே கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். போட்டோ, மாமா, சமாளித்தது, பெங்களூர். அம்மாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. சோற்றில் குழம்பை ஊற்றி, பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டாள்.

"மாமான்னா கூப்புட்டாரு?"

"மாமான்னுதான்."

"அப்ப நம்ம காசுலயே காரு வச்சு, ஒன்னையக் கொண்டாந்து அவங்க ஆளுக்குக் காட்டிருக்கேன்" என்றாள். பிறகு, "ரசம் வாங்கிக்க" என்றாள்.

கோபித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவோம் என்று எதிர்பார்த்தேன். அம்மா அடுத்துப் போக இருந்த சித்தன்னவாசலை வேண்டாம் என்றதோடு சரி. "தல வலிக்குது தம்பி, ஊருக்கே போயிருவோம்" என்று முன்னைவிட மரியாதையாகப் பேசி ஏறினாள்.

ஊரைத் தாண்டியதும் அவர் தொடங்கினார். "ஏங்க்கா, பாப்பாவுக்குப் பெங்களூருக்கு ஆபீஸ்ல கூப்புடுறாங்களாமே? அதெல்லாம் எதுக்குக்கா, பொம்பளப் புள்ள. இங்கிட்டே ஒரு நல்ல எடமாப் பாத்து..."

"ஆமா தம்பி, கூப்புடுறாங்க" என்றாள் அம்மா. வழக்கத்தைவிடக் குரல் கூடியிருந்தது. "இந்த மாசக் கடைசில போறா. நாங்க முடிவு பண்ணிட்டோம்."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. திரும்பினால் அம்மா சொன்னது உடைந்துவிடும்போல் இருந்தது.

"கல்யாணம்...?"

"கல்யாணம் ஆனாலும் அவ வேல பெங்களூருலதான். வேலைய விடச் சொல்ற வீடு எங்களுக்கு வேணாம். நாலு பேர்ட்ட இதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

நாலு பேரிடம் சொன்னாளா? என்னிடமே சொல்லவில்லை. கைடு அதற்குப் பிறகு ராஜாவைப் பற்றியும் பேசவில்லை, எங்களைப் பற்றியும் பேசவில்லை. கண்ணாடியில் நான் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் சாலையை மட்டும் பார்த்தார்.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன். "அம்மா, அது நெசமா சொன்னதா? இல்ல அந்த ஆளு என்ன பண்றாருன்னு பாக்கச் சொன்னதா?"

"துணி ஊறப் போடணும். நேரமாச்சு" என்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

என்னால் அன்று தீர்மானிக்க முடியவில்லை. இன்றும் முழுசாக முடியவில்லை. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். விசாரிக்க வந்தவரிடம் சொன்ன வார்த்தை வீட்டுக்குள் சொன்ன வார்த்தையைப்போல் இல்லை. வீட்டில் சொன்னதை மறுநாள் காலையில் மாற்றிக்கொள்ளலாம். விசாரிப்பில் சொன்னது இரண்டு குடும்பத்துக்கும் நடுவே இருப்பவர்கள் அத்தனை பேரிடமும் போய்ச் சேர்ந்துவிடும். மாற்றினால் பேச்சு மாறுகிற வீடு என்று அடுத்த விசாரிப்பில் சொல்வார்கள். அதற்கு அம்மா பயப்படுவாள்.

அதனால் சித்தியின் போனுக்குக் காத்திருந்தேன். மறுநாளே வந்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏக்கா, புள்ளையப் பெங்களூருக்கு அனுப்புறியாமே? எனக்கு ஒரு வார்த்த சொன்னியா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை. கீரைத் தண்டு ஒன்றை ஒடித்துப் போட்ட பிறகுதான் பதில் வந்தது.

"ஆமாடி. அனுப்புறேன்."

அறைக்குள் போய், வருகிறேன் என்று அலுவலகத்துக்குப் பதில் அனுப்பினேன். எழுத்துப் பிழை பார்க்கக்கூட நிற்கவில்லை, என் வாழ்க்கையில் நான் சோதிக்காமல் அனுப்பிய மெயில் அது ஒன்றுதான்.

வரன் அதோடு நின்றுவிடும் என்று நினைத்தோம். அந்த வாரமே சித்தி மறுபடி கூப்பிட்டாள். அவர்களுக்கு ஆட்சேபணை இல்லையாம். பெண் வேலையை விட வேண்டாமாம். வேண்டுமானால் பையனே கடையை விட்டுவிட்டுப் பெங்களூர் வந்துவிடுவானாம்.

அம்மா போனை வைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் நெற்றி சுருங்கியிருந்தது.

"ஓடுற கடைய விட்டுட்டு எவன்டி வருவான்?"

"அதத்தாம்மா நானும் யோசிக்கிறேன்."

"மூத்தவ வேலைய விட்டப்பத் தடுக்காத சனம், ஒனக்கு மட்டும் எதுக்கு இம்புட்டு எறங்கி வருது?"

"கடை ஓடுதான்னே நமக்குத் தெரியாதே."

"அது தெரியாது" என்றாள் அம்மா. கீழே உட்கார்ந்து காலை நீட்டினாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தைச் சந்தேகப்பட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"பொறுமையாப் பாப்போம்" என்றாள் கடைசியில். "நீ மொதல்ல போய் வேலையில சேரு. அங்க போனதும், பொண்ணுங்க தங்குற எடம்னு சொல்றாங்கல்ல, அதையும் நல்லா விசாரிச்சுட்டுச் சேரு. போட்டோவப் பாத்து நம்பிறாத."

மாதக் கடைசியில் பெங்களூர் பஸ் ஏறினேன். வழியனுப்ப வந்த அம்மா டிரைவரின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, இவர் யார் எந்த ஊர் என்று பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.