பதினொரு நிமிடத் திரைவாழ்வு

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டு பேஸ்மென்றில் இருந்துகொண்டு யாரோ ஒருவருடைய கலியாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. இடப்பக்கத் திரையில் மணப்பெண்ணின் மச்சாள்மார் எட்டுப் பேர் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். வலப்பக்கத் திரையில், சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஓடவிட்டிருந்தேன். வேலை நேரத்தில் படம் பார்ப்பது கெட்ட பழக்கம்தான். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் சினிமா படித்ததால் அதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்வேன்.

அந்தப் படத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மெலிந்த மனிதர், அடியில் தகடு அடித்த சப்பாத்தோடு தரையைத் தட்டித் தட்டி ஆடிக்கொண்டிருந்தார். மச்சாள்மாரின் பாட்டு அவருடைய காலுக்கு அளவாகப் பொருந்தியது. மச்சாள்மாருக்கு அவ்வளவு பொருந்தவில்லை.

இவர் வேறு எந்தெந்தப் படங்களில் வந்திருக்கிறார், எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிப் பார்த்தால் என்ன என்று யோசித்தேன். அன்று கலியாண வீடியோவில் கேக் வெட்டும் இடத்துக்கு நான் வந்துசேர மாலை ஐந்து மணியாகிவிட்டது.

தேடியதில் ஏழு படங்கள் கிடைத்தன. பேசும்படம் பரவும்வரை இந்தக் கண்டம் முழுக்கக் கலவை நிகழ்ச்சிகள் நடந்தன. பாட்டுக்காரர், பகிடிக்காரர், வித்தை காட்டும் நாய் என்று எல்லோரும் ரயிலேறி ஊர் ஊராகப் போய், ஒரே மேடையில் ஆளுக்குப் பத்து நிமிடம் காட்டுவார்கள். ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். இவரும் அப்படிப் பாடி ஆடியவர்தான். ஒரே ஓர் ஆட்டத்தை வைத்துப் பல வருடம் சாப்பிட்டிருக்கிறார். ஓர் ஊருக்குத் திரும்பிப் போவதற்குள் அந்த ஊர்ச் சனம் பழையதை மறந்திருக்கும்.

பிறகு சினிமாவுக்குப் போனார். முதல் படத்தில், நான் பார்த்த அதே படத்தில், அந்த ஆட்டத்தை மூன்று நிமிடம் ஆடிக் காட்டினார். எல்லா ஊரும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டது. அதற்குமேல் ஆட அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. இரண்டாவது படத்தில் ஹோட்டல் கதவைத் திறக்கிறார். மூன்றாவதில் பெட்டி தூக்குகிறார். ஐந்தாவதில் சூப் கொண்டுவந்து வைக்கிறார், கதாநாயகன் அதைக் குடிப்பதில்லை. ஏழாவதில் முதுகு மட்டும் வருகிறது. நடையை வைத்துக் கண்டுபிடித்தேன். ஏழிலும் சேர்த்து மொத்தம் பதினொரு நிமிடம்.

எல்லாவற்றையும் ஒட்டிக் காட்டும் யோசனையை எங்கள் பகுதி நூலகத்தில் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருக்கும் அக்காவிடம் கொண்டுபோனேன்.

“ஆர் இவர்?” என்றார்.

“ஒருத்தருக்கும் தெரியாது அக்கா. அதுதான் விசேஷம்.”

“அப்ப ஆர் பாக்க வருவினம்?”

அக்கா கலண்டரைப் பார்த்தார். “ஞாயிறு பின்னேரம் சீனியர்ஸ் யோகா முடிய அரை மணித்தியாலம் ரூம் சும்மா கிடக்கு. வந்த சனம் எழும்பிப் போகாமல் இருந்து பாத்தால், மாசம் ஒரு படம் எண்டு வருசம் முழுக்க ரூமை உனக்குத் தாறன். எழும்பினால் இல்லை.”

எனக்கு வேண்டியது அதுதான். பட்டம் எடுத்து இரண்டு வருடமாக, படம் காட்ட ஓர் அறையும் திரையும் தாருங்கள் என்று கேட்காத இடமில்லை.

இங்கே என் முதலாளியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊருக்கெல்லாம் அவர் வீடியோ அண்ணை. வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்ன விதி ஒன்றுதான்: ஆடுகிறவர்களை ஐந்து செக்கனுக்கு மேல் காட்டாதே, மேசைகளில் இருக்கும் விருந்தாளிகளுக்குப் போ. “பாக்கிறவை ஆட்டத்தையோ பாக்கினம்? தங்கடை முகத்தைத் தேடுவினம். அவ்வளவு தூரம் பிறம்ரனிலை இருந்து ட்ரபிக்கிலை நிண்டு வந்தவை, அவையின்ரை முகம் ஒரு செக்கனாவது வரவேணும்.” ஒருமுறை ஒரு பெரியப்பாவின் முகத்தை விட்டுவிட்டேன். அந்தக் குடும்பத்தில் அடுத்த இரண்டு கலியாணமும் வேறு ஆளுக்குப் போனது.

முதல் படத்தின் ஆட்டத்தில் கமரா அசையவில்லை. மூன்று நிமிடமும் ஒரே இடத்தில் நின்று அவரை உச்சி முதல் சப்பாத்துவரை பார்க்கிறது. யோகா முடித்த சனம் இதைப் பார்த்துக்கொண்டு இருக்காது என்று எனக்குப் பயம் வந்தது. நல்லகாலம், ஆட்டத்துக்கு முன்னால், அது நடக்கும் விடுதியில் சாப்பிட வந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டியிருந்தார்கள். இரண்டு நாள் இருந்து அந்த முகங்களை ஆட்டத்துக்கு நடுவில் செருகினேன். ஐந்து செக்கன் அவர், பிறகு மேசை. சப்பாத்துச் சத்தம் மட்டும் அடியில் ஓடியது. மிக நன்றாக வந்திருப்பதாக நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர்வரை யோகாப் பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கதிரைகளில் இருந்தார்கள். ஆட்டம் தொடங்கியது.

“உந்த முத்துமாலை போட்டவ மாப்பிள்ளை பகுதியோ?” என்றார் முன்வரிசை அன்ரி.

“பொம்பிளை பகுதி மாதிரிக் கிடக்கு,” என்றார் பக்கத்து அன்ரி. “மாப்பிள்ளை பகுதி உப்பிடிச் சிரிக்காது.”

“மூலையிலை இருக்கிறவர் ஒண்டும் சாப்பிடேல்லை, கவனிச்சனீங்களோ? ஏதோ கோவம்.”

ஒருவரும் எழும்பவில்லை. லைற்றைப் போட்டதும் ஓர் அங்கிள் கை உயர்த்தினார். “பிள்ளை, டக்கு டக்கு எண்டு ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கர் பழுதோ?”

“இல்லை அங்கிள். அது அவரின்ரை சப்பாத்து.”

“ஆரின்ரை?”

கதிரைகளை அடுக்கும்போது அக்கா கிட்ட வந்தார். “ஒருத்தரும் எழும்பேல்லை, சரி. ஆனா நிகழ்ச்சி நோட்டீஸிலை போட்டுக் கிடக்கிற ஆளை ஒருத்தரும் காணேல்லை. இதை வைச்சு நான் வருசம் முழுக்கத் தரேலாது. அடுத்த மாசம் இன்னும் ஒருக்காத் தாறன். அதே ரூம், அதே சனம். அவரைக் காட்டு.”

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். மூன்று நிமிட ஆட்டத்தில் அவருக்கு நான் விட்டுவைத்தது நாற்பத்தெட்டு செக்கன். அவரைக் கதவு திறக்க அனுப்பிய சினிமாக்காரர்கள்கூட அந்த மூன்று நிமிடத்தில் கை வைக்கவில்லை. பதினொரு நிமிடத் திரைவாழ்வை ஒன்பதுக்கும் கீழே கொண்டுவந்தவள் நான்தான்.

அடுத்த முறை ஆட்டத்தை வெட்டாமல் காட்டப்போவதாக வீடியோ அண்ணையிடம் சொன்னேன். “மூண்டு நிமிசம் ஒரே ஆளையோ? விசரோ? சனம் எழும்பிப் போயிடும்.”

“அவர் கன வருசம் சனத்தை எழும்ப விடாமல் வைச்சிருந்தவர் அண்ணை.”

“அது ரிக்கெற் எடுத்து வந்த சனம். உது யோகாவுக்கு வந்த சனம்.”

அண்ணை சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் நான் வெட்டிய பிரதியை அழித்துவிட்டேன். அடுத்த மாதம் முன்னுரை ஒன்றும் கிடையாது. லைற்றை அணைத்ததும் ஆட்டம், மூன்று நிமிடம், வெட்டே இல்லாமல். பிறகு கதவு, பெட்டி, சூப், முதுகு. நான் வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கப்போகிறேன். யாரையும் மறிப்பதற்கு அல்ல. முதலில் எழும்புகிறவர் அவருடைய எந்த அடவில் எழும்புகிறார் என்று குறித்துக்கொள்ள.