வெல்லம் போகும் வழி, தூசி போகும் வழி

போன மாதம் அஞ்சலையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று.

அஞ்சலை யார்? கருணாபுரத்துக்காரர். மக்காச்சோளம் அடிக்கும் மெஷினோடு ஊர் ஊராகப் போகும் பெண்கள் செட்டில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார். எங்கள் கொல்லையின் ஒன்றரை ஏக்கர் சோளத்துக்கும் இவர்கள்தான் வருவார்கள். அன்றைக்குக் கதிர்க்கூடையோடு வந்தவர் பாதி வழியிலேயே இறக்கி வைத்துவிட்டார். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கீச் கீச்சென்று ஒரு சத்தம்... தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

“சும்மா சளிதாங்கண்ணா” என்றார். விட்டால் மறுபடி கூடையைத் தூக்கியிருப்பார். ஆட்டோவை வரவழைத்தேன்.

அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். என்ன வேலை, எவ்வளவு தூசி, மூக்கில் துணியாவது கட்டுவது உண்டா என்றெல்லாம் டாக்டரம்மா விசாரித்தார். அஞ்சலை தைரியமாகச் சொன்னார் — தூசி எங்களை ஒன்றும் பண்ணாது, வேலை முடிந்ததும் வெல்லம் தின்றுவிடுகிறோம் என்று!

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான்தான் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் சோளம் அடித்தால் சாயங்காலம் கூலியோடு ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பது வழக்கம். உள்ளே போன தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடும் என்று நம்பிக்கை. நானும் வருஷா வருஷம் கொடுக்கிறேன். அதுவும் நல்ல மண்டை வெல்லமாகத் தேடி வாங்கி! அதில் ஒரு பெருமை வேறு.

அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டு குழாய் வரைந்தார். வெல்லம் போவது இதில், இது வயிற்றுக்கு. தூசி போவது இதில், இது நுரையீரலுக்கு. கழுத்துக்குள் இரண்டும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனால் வழி வேறு.

அஞ்சலை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“அப்போ பன்னெண்டு வருசமா பக்கத்து வூட்டுக்குக் காவல் காத்துக்கினு இருந்தேனாங்க?”

வாரா வாரம் பத்திரிகையில் எழுதுகிற எனக்கு இப்படி ஒரு வரி வருமா? டாக்டரம்மா குழாய் ஊதிய சீட்டை எடுத்துப் பார்த்தார்.

மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிட்டன; கெட்டது கெட்டதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். இன்ஹேலர், மாத்திரை, மாஸ்க். எல்லாவற்றுக்கும் மேலே, தூசியை விட்டு விலக வேண்டும். இல்லாவிட்டால் சில வருஷத்தில் வீட்டுக்குள் நடப்பதற்கே மூச்சு வாங்கும். வேறு வேலைக்குப் போக முடியாதா என்று கேட்டார். அஞ்சலை மருந்துச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். இந்த மாதங்களில் வேறு என்ன வேலை இருக்கிறது?

போன வியாழக்கிழமை பக்கத்துக் கொல்லையில் சோளம் அடித்தார்கள். எட்டிப் பார்த்தேன். அஞ்சலை வந்திருந்தார், மாஸ்க்கோடு.

குனிந்து ஒரு பிடி சருகுத்தூளை எடுத்து மேலே தூவினார். அது நேராகப் பெண்கள் பக்கம் பறந்தது. காலையில் கல்வராயன் மலைப் பக்கமிருந்து வீசிய காற்று, மத்தியானம் திசை மாறியிருந்தது. மெஷின் துப்புகிற தூசி அத்தனையும் கூடை சுமப்பவர்கள் முகத்தில். டிரைவர் செல்வம் மட்டும் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிராக்டரில் சுகமாக இருந்தார்.

மெஷினைத் திருப்பு என்றார் அஞ்சலை. திருப்பி நிறுத்த அரை மணி ஆகும், இன்னும் இரண்டு கொல்லை பாக்கி என்று செல்வம் சலித்துக்கொண்டார். “இன்னாக்கா, டாக்டருக்குப் படிச்சிட்டு வந்துட்டியா?”

அஞ்சலை கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தார். மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டுச் சொன்னார்:

“நீ இங்க வந்து கூடை தூக்கு. நான் அங்க குந்திக்கினு ஓட்றேன்.”

ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி தன் கூடையைக் கவிழ்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஆறு கூடையும் கவிழ்ந்து கிடந்தன.

செல்வம் ஆதரவு தேடி என்னைப் பார்த்தார். போன மாதம் என் கொல்லையில் நானும் செல்வம் பக்கத்தில்தானே நின்றேன் — தூசி வராத மர நிழலாகப் பார்த்து! காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு தடவையாவது யோசித்தேனா?

மெஷின் திரும்பியது. அரை மணி எல்லாம் இல்லை, பத்தே நிமிஷம். இந்தத் தடவை தூசி ஆளில்லாத பக்கமாகக் கிளம்பியது... மஞ்சளாக, பனை உயரத்துக்கு. வரப்பே தெரியவில்லை. இத்தனையும் இவ்வளவு நாள் இந்த ஆறு பேர் நெஞ்சுக்குள்ளா போய்க்கொண்டிருந்தது?

கிட்டே போய், இப்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அஞ்சலை மறுபடி மூக்குக்கு மேல் ஏற்றியிருந்த மாஸ்க்கைத் தொட்டுக் காட்டினார். அதை இறக்கிப் பேச முடியாது என்று கையை ஆட்டிவிட்டு, கூடையோடு நடந்தார்.

கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.