புரட்டாசியில் சைவ மட்டன்

என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி இருப்பது ஏழெட்டு வருடமாகத் தெரிந்ததுதான். மாத்திரையோடு காலம் ஓடிக்கொண்டிருந்தது. போன ஆகஸ்டில் கோலசிலாங்கூர் கிளினிக்கில் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் தருகிறேன், அதற்குள் சர்க்கரை இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றார். ஊசிக்கு நாங்கள் பயப்படவில்லை. இவர் ஓட்டுவது எஸ்டேட்டிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் பெரிய லோரி. ஊசி போட்டுக்கொள்ளும் டிரைவரை அந்த லோரி முதலாளி, தவுக்கே, வைத்துக்கொள்வதில்லை. முன்பு ஒருவரை அப்படித்தான் இறக்கிவிட்டார். ஐம்பத்து நான்கு வயதில் லோரியை விட்டு இறங்குகிறவர் வேறு எதில் ஏறுவது?

எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அன்று சாயங்காலமே பேரங்காடிக்குப் போய் ஓட்ஸ், பழுப்பு அரிசி, புரோக்கோலி, ஒலிவ் எண்ணெய், தாள் சுற்றிய ஆப்பிள் என்று தள்ளுவண்டியை நிரப்பினேன். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கி நான் வாங்கும் சம்பளத்தில் பாதி அன்றே போனது. பத்து நாளில் எல்லாம் தீர்ந்து, ஒலிவ் எண்ணெய் மட்டும் மிஞ்சியது. விலையை நினைத்தால் அதை ஊற்றக் கை வரவில்லை.

"இந்த சாமான்லாம் வாங்கித் திங்கணும்னா, பணக்காரனுக்குத்தான் இனிப்பு நீர் வரணும் லா" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் புரட்டாசி பிறந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாதம் முழுக்கச் சைவம். மீனும் கோழியும் வாங்கும் செலவு மிச்சம், பெருமாளுக்கு விரதம், இவர் உடம்புக்கும் நல்லது. சாமி படத்துக்கு முன்னால் நின்று, ஒரு நாள்கூடக் கவிச்சி தொடமாட்டோம், இவர் லோரியை மட்டும் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன்.

ஆனால் வெயிலில் குலை ஏற்றிவிட்டு வருகிற மனிதருக்கு வெறும் காயையும் கீரையையும் எப்படி வைப்பது? கடையில் உறைபெட்டியைத் திறந்தால் சைவ மட்டன் இருக்கிறது, சைவ மீன் இருக்கிறது, தோலும் முள்ளும் வைத்த மாதிரியே இருக்கிறது. ஒரு பொட்டலம் கோழியைவிட விலை. சைவம்தானே என்று வாங்கினேன். அதை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிப்பேன், கூட உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம். மீன் இல்லையே பாவம் என்று சோறு இன்னும் ஒரு கரண்டி. சனிக்கிழமைகளில் கோயிலில் சர்க்கரைப் பொங்கல். பிரசாதத்தை யாராவது வேண்டாம் என்பார்களா? இவரும் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. நான் ரொம்பத் திருப்தியாக இருந்தேன்.

மூன்றாவது வாரம் கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். முன்பைவிட ஏறியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. உணவு ஆலோசனை சொல்லும் மலாய்ப் பெண்ணிடம், மூன்று வாரமாக இறைச்சியைக் கண்ணால் பார்க்கவில்லை, உங்கள் மெஷின்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று என் உடைந்த மலாயில் சண்டை போட்டேன். வயதில் என் மகளைவிடச் சின்னவள். கோபித்துக்கொள்ளாமல் ஒரு தாளில் தட்டு மாதிரி வட்டம் போட்டாள். பாதிக்குக் காய்கறி, கால் பங்குக்குச் சோறு, மீதிக் காலுக்கு மீன், முட்டை, சோயாவில் செய்யும் தெம்பே மாதிரி ஏதாவது. நேற்று வைத்த சாப்பாட்டை இதில் எழுதுங்கள் அக்கா என்று பேனாவைக் கொடுத்தாள்.

சோற்றை எழுதினேன். உருளைக்கிழங்கும் சோற்றின் கால் பங்குக்குத்தான் போகும் என்றாள். அப்பளமும் அங்கேதான். சைவ மட்டன் எதில் செய்தது என்று கேட்டாள். பொட்டலத்தின் பின்னால் கோதுமை மாவு என்று போட்டிருந்தது என் நினைவுக்கு வந்தது. அதையும் அங்கேயே நெருக்கி எழுதினேன். காய்கறிப் பாதியில் எழுத இரண்டு துண்டு வெள்ளரிக்காய்தான் இருந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் காலில் விழவேண்டும் போல இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் உண்மையைச் சொன்னேன். நான் பிறந்து வளர்ந்த எஸ்டேட் லயத்தில் சம்பளத்துக்கு முந்தின வாரம் எல்லா வீட்டிலும் கான் வாய்க்கால் ஓரத்துக் கீரைதான் கொதிக்கும். கீரை வாசனை வந்தால் அந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, என் வீட்டுத் தட்டில் கீரையை மட்டும் வைக்கக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

"நா என்னா தட்டப் பாத்தா சாப்புடுறேன்? ஒம் மூஞ்சியப் பாத்துல்ல சாப்புடுறேன், இன்னைக்குக் கோவமா இருக்கியா இல்லியான்னு" என்றார். முறைத்தேன். ஆனாலும் மனசு லேசானது.

விரதத்தை விடவில்லை. உறைபெட்டியை விட்டேன். பசாரில் கங்கோங் கீரை, பயற்றங்காய், பாகற்காய், தெம்பே, சோயாத் தவு வாங்கினால் இரண்டு பை நிறைந்தும் சைவ மட்டன் விலைக்குப் பக்கத்தில் வராது. காசு மிச்சம், ஆனால் நேரம் போனது. கீரை ஆய்ந்து பயற்றங்காய் நறுக்கி முடிவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். பொரிப்பதற்குப் பதில் தெம்பேயை மஞ்சளும் மிளகும் போட்டு வாட்டினேன். கோயில் சர்க்கரைப் பொங்கலில் இவர் ஒரு விரலளவு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மீதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். புரட்டாசி முடிந்ததும் சுங்கை செம்பிலாங்கில் படகு வரும் நேரம் பார்த்துப் போய்ச் சின்னக் கெம்போங் மீன் வாங்கிவந்தோம்.

நவம்பரில் இவர் டாக்டர் அறைக்குள் போனபோது நான் வெளியே உட்கார்ந்து சேலை முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "ஊசி இல்ல. மாத்திரையே போதுமாம்" என்றார். அழுதுவிட்டேன். நாலு பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அன்று மத்தியானம் டவுனில் ஒரு தட்டுச் சோற்றுக் கடைக்கு அழைத்துப் போனார். அங்கே சோற்றை எவ்வளவு கேட்டாலும் அள்ளி வைப்பார்கள், அதற்குக் காசு ஏறாது. காய் இன்னொரு கரண்டி என்றால் உடனே ஏறும். இவர், "சோத்தக் கொறைச்சு வைங்கக்கா, கீரை ரெண்டு கரண்டி, பயத்தங்கா ஒன்னு" என்றார். நான் எனக்குச் சோறும் குழம்பும் போதும் என்றேன்.

"இவங்களுக்கும் அதே மாரி வைங்க."

"எனக்கு எதுக்குங்க? சும்மா காசு" என்றேன்.

"இத்தன நாளா எனக்குக் கீரை, ஒனக்குச் சட்டி அடிச் சோறு. நின்னுக்கிட்டே தின்னுட்டு ஓடுற. நா பாக்கலன்னு நெனச்சியா? நாளைக்கு ஒனக்கு வந்தா, எனக்குத் தட்டு போட யாரு இருக்கா?"

இரண்டு தட்டுக்கும் இவரே காசு கொடுத்தார். நான் உட்கார்ந்து கீரையை முதலில் சாப்பிட்டேன்.