சாணி கலக்காத தூள்

குரோமியம் ஏறிய தேயிலைத் தூள் ஒரு மூட்டை வெளியே போனதற்கு நான்தான் காரணம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பச்சைத் தேயிலை விலை விழுந்து, குன்னூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டிக்கொண்டிருந்த காலம். நான் ஒரு முலாம் பட்டறையில் கழிவுநீரைச் சுத்தம் செய்து, குரோமியம் மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்கும் வேலையில் இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலை ஒதுக்கும் கழிவுத் தூளைத் தொட்டியில் நிரப்பி, அதன் வழியே பட்டறை நீரை விடுவோம். நீரில் இருக்கும் குரோமிய நஞ்சைத் தூள் பிடித்துக்கொள்ளும். மஞ்சளாய்ப் போன நீர் தெளிந்து இறங்கும். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு...

கழிவுத் தூளில் சாணி கலந்துதான் வெளியே அனுப்புவார்கள். இல்லாவிட்டால் யாராவது நல்ல தூளோடு கலந்து விற்றுவிடுவார்கள். சாணி என் தொட்டியைக் கெடுக்கும் என்று கெஞ்சி, கலக்காமல் வாங்கிவந்தேன். தொட்டியில் வேலை முடிந்ததும் நானே சாணி கலந்து புதைக்க வேண்டும். நாற்றத்துக்குப் பயந்து நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கொட்டகைக்குப் பின்னால் காய்ந்து கிடந்ததைப் பார்த்தால் நீங்களும் டீத்தூள் என்றுதான் நினைப்பீர்கள்!

ஒரு நாள் காலையில் பார்த்தால், ஒரு மூட்டையைக் காணோம்.

முதலாளியிடம் சொன்னேனா? இல்லை. வேலை போய்விடுமே. கடைக்காரர்களை எச்சரித்தேனா? அதுவும் இல்லை. சந்தேகப்பட்டேன்... அது ஒன்றுதான் செய்தேன். காவலாளியை, லாரிக்காரரை, கடைசியில் பட்டறையைக் கூட்ட வரும் செல்வியை. எஸ்டேட் மூடியதால் வேலை இழந்தவள். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். இல்லாதவள்தானே எடுத்திருப்பாள் என்று எவ்வளவு எளிதாய் எண்ணிவிட்டேன்!

ஏதோ காரணம் சொல்லி அவள் வீட்டுக்குப் போனேன். வேவு பார்க்கத்தான்.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க சார்” என்றாள்.

தம்ளரில் நிறம் வழக்கத்தைவிடக் கறுப்பாய்த் தெரிந்தது. உண்மையில் கறுப்பா, என் பயம் அப்படிக் காட்டியதா...

“தூள் எங்கங்க வாங்குனீங்க?”

“சந்தையிலதான் சார். பாக்கெட் இல்லாத லூசு தூளு, வெல கம்மியா கெடச்சிச்சு.”

“எனக்கு வயிறு சரியில்லீங்க. வேண்டாம்.”

“அப்ப வீணாக்க வேணாம்” என்று என் தம்ளரைத் தன் மகளிடம் நீட்டினாள். அந்தச் சிறுமி ஊதி ஊதிக் குடித்தாள்.

தடுத்திருக்கலாம். தடுத்தால் ஏன் என்று கேட்பாளே... மூட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டிவருமே... சிறுமி குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, “வரேனுங்க” என்று கிளம்பினேன்.

அந்தத் தூளில் என்ன இருந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒரு பிடி தூள் கேட்டு வாங்கியிருந்தால் மறுநாளே சோதித்துச் சொல்லியிருப்பேன். என் வேலையே அதுதான். நான் கேட்கவில்லை.